கண்ணாடிக்குள் மூன்று சேலைகள்

வாசலில் வீரலட்சுமியின் ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம் கேட்டதுமே சூர்யகலா கொடியில் கிடந்த துண்டை உருவி வாஷிங் மிஷின்மேல் போட்டாள். துண்டு சின்னது. மிஷினின் முன்பக்கத்து வட்டக் கண்ணாடியில் பாதிதான் மறைந்தது. மீதிப் பாதியில் அரக்குச் சிவப்புத் தண்ணீரும், நுரையும், அதற்குள் முறுக்கிக்கொண்டு கிடந்த சேலையும் அப்பட்டமாகத் தெரிந்தன. துண்டை எறிந்துவிட்டுப் போர்வையைத் தேடி ஓடினாள்.

காலையிலிருந்து யார் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாளோ அவளேதான் வந்திருந்தாள்.

"ஏண்டி சூர்யா, மிஷின் நின்னு போச்சாமே? எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே வீரலட்சுமி செருப்பைக் கழற்றினாள். கையில் ஒரு அகலத் தட்டு, பழைய துணிகள். சகல தயாரிப்போடும்தான் வந்திருந்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"கஸ்பார் சொன்னான்."

கஸ்பார் திண்டுக்கல்லில் வாஷிங் மிஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். சூர்யகலா காலையில் அவனுக்குத்தான் போன் போட்டாள். வேடசந்தூரில் ஒரு மில் ஹாஸ்டலில் வேலையாக இருக்கிறேன், நாளை மறுநாள்தான் சின்னாளப்பட்டிப் பக்கம் வர முடியும் என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அது வீரலட்சுமி அக்கா மிஷின்தானே, அவருக்கே அதைத் திறக்கத் தெரியுமே என்று அவளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். நல்லது செய்கிறேன் என்று அடுத்தவர் குடியைக் கெடுக்கிறவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

வீரலட்சுமி அக்கா மிஷின்! இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு சூர்யகலாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. வீரலட்சுமி புது மிஷின் வாங்கியபோது பழையதை இவளுக்குக் கொடுத்தாள். சும்மாதான் கொடுத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்த நாளிலிருந்து அதைச் சொல்லிக் காட்டாத இடமில்லை. கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், சாமி கும்பிடப் போன இடத்தில்கூட "என் மிஷினு எப்படிடி ஓடுது?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பாள். ஓசியில் வந்த பொருளுக்குத் தினமும் கும்பிடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வீரலட்சுமி இப்போது சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறாள். வெள்ளைத் துணி வாங்கித் தெருப் பெண்களிடம் முடிச்சுப் போடக் கொடுப்பாள். சாயம் ஏற்றி, போனில் படம் பிடித்துப் போட்டு, சென்னை பெங்களூர் என்று விற்பாள். சூர்யகலா அவளுக்கு முடிச்சுப் போடுகிறவள். துணியைப் பொட்டளவுக்குக் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். முடிச்சுக்குள் சாயம் போகாது. பிறகு அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி. விரல் நுனி காய்த்து, சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது.

சண்டைக்கு விதை போன ஐப்பசியில் விழுந்தது. சூர்யகலாவின் புருஷன் ஈஸ்வர் பழனிக்குப் போய்விட்டு வரும் வழியில் ஆயக்குடிக் கொய்யா ஒரு பை வாங்கி வந்தான். அவள் ஒரு பழத்தைக் குறுக்காக நறுக்கினாள். விதைகள் வளையமாக நின்றன. தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அச்சும் இல்லாமல் கோடும் இல்லாமல் வெள்ளைத் துணியில் அந்த வளையத்தை முடிச்சாகப் போட்டாள். வீரலட்சுமி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லடி" என்றாள். சாயம் ஏற்றிய மறுநாள் காலையில் போனைத் திறந்தால், "வீரலட்சுமியின் புதிய டிசைன், நட்சத்திர வளையம்" என்று ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படி இந்த யோசனை வந்தது என்று யாரோ கேட்டதற்குக் கனவில் வந்தது என்று கூசாமல் பதில் எழுதியிருந்தாள்.

சூர்யகலா நேரே போய்க் கேட்டாள். வீரலட்சுமிக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. "முடிச்சுப் போட்டது நீ. டிசைன் என்னுது. கொத்தனார் கட்டுன வீடு கொத்தனாருக்கா சொந்தம்?" என்றாள். அன்றைக்கு சூர்யகலா வாயை மூடிக்கொண்டு வந்தாள். வயிறு மட்டும் மூடவில்லை, எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டோடு துணிக்கடை வைத்திருக்கும் முஹ்சினா தேடி வந்தாள். வீரலட்சுமியிடம் சரக்கு எடுப்பவள்தான். யார் கை வேலை என்று எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். "உங்க பேர்லயே மூணு சேலைக்கு முடிச்சுக் கட்டிக் கொண்டாங்க. ஒரு கல்யாண வீட்டுல காட்டணும். அவங்களுக்குப் புடிச்சா இனிமே எல்லாத்தையும் நேரா உங்க கையிலயே வாங்கிக்கிறேன்" என்றாள். காட்ட வேண்டிய நாள் இன்று சாயங்காலம். அந்த மூன்று சேலைகள்தான் இப்போது மிஷினுக்குள் ஊறிக்கொண்டிருந்தன.

சாயம் ஏற்றிய சேலையின் முடிச்சை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். காய்ந்த சேலையின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து விறைத்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். இத்தனை வருஷமாக அந்த மறுமுனையைப் பிடித்தவள் வீரலட்சுமி. ஈஸ்வர் மில் பஸ் ஏறி ஷிப்டுக்குப் போய்விட்டான். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். தெருவில் வேறு யாரைக் கூப்பிட்டாலும் கூப்பிட்ட கையோடு சேதி வீரலட்சுமி வீட்டுக்குப் போய்விடும். சரி, மிஷின்தான் இருக்கிறதே, அது சுற்றுகிற சுற்றில் சாயத்தையும் அலசி முடிச்சையும் உதிர்த்துவிடும் என்று மூன்றையும் உள்ளே போட்டு மூடினாள். காலமெல்லாம் முடிச்சுப் போட்டவளுக்குத் தோன்றக்கூடாத யோசனை. ரகசியம் வைத்திருந்தவளுக்குத் தோன்றிவிட்டது.

முடிச்சு உதிரத்தான் செய்தது. உதிர்ந்த நூலெல்லாம் தண்ணீரோடு போய் அடைத்துக்கொண்டது. மிஷின் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, கீகீயென்று கத்திவிட்டு, வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றுபோனது. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை கதவு திறக்காது. முடிச்சு அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சாயத் தண்ணீர். ஊற ஊற வெள்ளை போய்க்கொண்டே இருக்கும்.

"மிஷினுக்கு என்னடி, குளிர் ஜுரமா?" என்றாள் வீரலட்சுமி போர்வையைப் பார்த்து.

"உள்ள துணி கெடக்கு."

"துணி கெடக்காம பூசணிக்காயா கெடக்கும்? எடு அதை."

"வேணாம். அழுக்குத் துணி."

"உன் வீட்டுல நான் பாக்காத அழுக்கா?"

சூர்யகலாவுக்கு அவளை அப்படியே வாசலுக்குத் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் போல இருந்தது. தள்ளினால் ரகசியம் பிழைக்கும், சேலை பாழாகும். விட்டால் சேலை பிழைக்கும், ரகசியம் போகும். இரண்டு பக்கமும் இடிதான். "எங்க திறக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்" என்றாள் கடைசியாக.

"சொல்லிக் குடுத்தா வர்ற மூஞ்சியப் பாரு. தள்ளு" என்று வீரலட்சுமி மிஷினுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளியலறைச் சுவருக்கும் அண்டாவுக்கும் நடுவில் மிஷின் நிற்கிற சந்து அது. அவள் உட்கார்ந்ததும் சந்து அடைபட்டுவிட்டது. போர்வையைத் தொடவில்லை. அடியில் மூலையில் இருந்த சின்ன மூடியை நெம்பி எடுத்தாள். உள்ளே தண்ணீரை வடிக்கிற திருகு தெரிந்தது. தட்டை அதற்குக் கீழே சொருகித் திருகை லேசாக அசைத்தாள். சிவப்புத் தண்ணீர் நூலாகக் கசிந்தது. தண்ணீரோடு நிஜ நூலும் வந்தது.

வீரலட்சுமி அதை இரண்டு விரலால் எடுத்தாள். சுருள் சுருளாக, முடிச்சின் வளைவு கலையாமல் இருந்த நூல். இன்னும் கொஞ்சம் எடுத்தாள். திருகை இறுக்கி மூடினாள். பிறகு கையை நீட்டிப் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டாள்.

கண்ணாடியில் சேலை ஒட்டிக்கொண்டு நின்றது. அரக்கு நிறத்தில் வளையம் வளையமாக வெள்ளைப் புள்ளிகள்.

"யாரு சேலைடி இது?"

"என் சேலை."

"நான் குடுத்த துணியா?"

"உன் துணியத் தொட்டா என் கை அழுகிப்போகட்டும். என் துணி, என் நூலு, என் சாயம்."

"டிசைனு?"

"அதுவும் என்னுதுதான்."

வீரலட்சுமி உட்கார்ந்த இடத்திலேயே கத்தினாள். "திருட்டு முண்ட! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே! அதான் பத்து நாளா கையில வலி, கழுத்துல வலின்னு என் மூட்டையப் பிரிக்காமலே வச்சிருந்தியா? யாருக்குடி இது? முஹ்சினாவுக்கா? அதான் அவ என் போனை எடுக்க மாட்டேங்குறாளா?"

"ஆமா, அவளுக்குத்தான். யாரு திருடி? நான் ராத்திரி பகலா கண்ணு பூக்கக் கட்டுனதைக் கனவுல வந்துச்சுன்னு சொன்னியே, நீ திருடியா, நான் திருடியா?"

"என் மிஷினுலயே போட்டுத் துவைச்சிருக்க பாரு, அந்த நெஞ்சழுத்தத்த என்ன சொல்ல!"

"எடுத்துட்டுப் போ உன் மிஷின! இதை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு போதும். இதுக்கு உன் வீட்டுல பத்துப் பாத்திரம் தேய்ச்சிருந்தாக்கூட மானமா இருந்திருக்கும்."

சூர்யகலா குனிந்து அந்தத் திருகைத் தானே பிடிக்கப் போனாள். வீரலட்சுமி அவள் கையைத் தட்டிவிட்டாள். மறுபடியும் போனாள். இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் தள்ளியதில் சூர்யகலா அண்டாவில் போய் இடித்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பி இரண்டு பேர் மேலும் தெறித்தது.

"எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியுமாடி உனக்கு? மாத்தித் திருகி உடைச்சேன்னா கஸ்பார் வந்தாலும் கதவு திறக்காது" என்ற வீரலட்சுமி மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். கத்தும்போது இருந்ததைவிட இந்தக் குரல் மோசமாக இருந்தது. "இப்ப முஹ்சினாவுக்குப் போன் போடு. டிசைன் வீரலட்சுமியோடது, நான் திருட்டுத்தனமா கட்டிட்டேன்னு என் காது கேக்கச் சொல்லு. சொல்லி வாய மூடுறதுக்குள்ள திறந்துவிடுறேன்."

"சொல்லலைன்னா?"

"ஊறட்டும்."

சூர்யகலா போனை எடுத்தாள். மூன்று சேலையும் அவளுக்குப் பிள்ளை மாதிரி. ஈஸ்வர் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து, முதுகு விட்டுப்போகக் கட்டியவை. ஒரு பொய் சொன்னால் மூன்றும் பிழைக்கும். முஹ்சினாவின் நம்பரை எடுத்து விரலையும் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் வீரலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. காரியம் முடிந்தது என்று கறிகாய்க்காரனிடம் பேரம் படிந்த மாதிரி ஒரு திருப்தி. அதைப் பார்த்ததும் சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இதைச் சொன்னால், நாளைக்குக் கட்டப்போவதும் இவளுடையது. சாகிறவரைக்கும் கட்டப்போவது அத்தனையும் இவளுடையது.

போனை மிஷின் தலைமேல் வைத்தாள். மணையை இழுத்துப் போட்டு வீரலட்சுமிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"கெடட்டும்" என்றாள்.

"என்னடி?"

"மூணும் கெடட்டும்னேன். இன்னொரு மூணு கட்டிக்கிறேன். முஹ்சினா இல்லைன்னா இன்னொருத்தி. நீ உக்காரு, உனக்கு எம்புட்டு நேரம் முடியுதோ உக்காரு."

வீரலட்சுமி இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அசையவில்லை. விட்டுக்கொடுத்துப் பழக்கப்பட்ட ஜென்மமில்லை அது. இரண்டு பேரும் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"உன் மக காலேஜுல சேர்ந்தப்ப யாருடி கூட அலைஞ்சது?" என்றாள் வீரலட்சுமி.

"அதையும்தான் சொல்லிக் காட்டியாச்சே. போன வாரம் கல்யாணத்துல."

"நன்றி கெட்டவ."

"ஆமா. கெட்டவதான்."

கண்ணாடியில் ஒட்டியிருந்த சேலையில் மேல்வரிசை வளையம் ரோஸ் ஆகத் தொடங்கியது. முதலில் புள்ளியின் ஓரம். பிறகு உள்ளே. வளையத்துக்குள் இன்னொரு சின்ன வளையம் இருந்தது. பழைய சேலைகளில் இல்லாத வளையம் அது, இந்த மூன்றுக்கென்று சூர்யகலா புதிதாகப் போட்டது. வீரலட்சுமியின் கண் அதிலேயே போய் நின்றது. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். சாயம் இரண்டாவது வரிசைக்கு இறங்கியிருந்தது. சூர்யகலா அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள், அதில் ரத்தம் கட்டியிருந்தது.

வீரலட்சுமி பொய்க்காரிதான், பேராசைக்காரிதான். ஆனால் அவளும் சுங்குடித் துணியில் விழுந்து புரண்டு வளர்ந்தவள். நல்ல வெள்ளையில் சாயம் ஏறுவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க அவளால் ஆகவில்லை. கால் கட்டைவிரல் துடித்தது. சேலை முந்தானையைப் பிழிந்து பிழிந்து கசக்கினாள்.

"சனியன் புடிச்சவளே! கட்டுனவ நீதானடி! எம்புட்டு நேரம்டி பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப!" என்று அலறிக்கொண்டு திருகைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பி உருவினாள்.

தண்ணீர் பாய்ந்து கொட்டியது. தட்டு ஒரு நொடியில் நிரம்பித் தரையெல்லாம் சிவப்பானது, வீரலட்சுமியின் மடி சிவப்பானது. திருகோடு கைப்பிடி கைப்பிடியாக நூல் வந்தது. அவள் கையை உள்ளே விட்டு நோண்டி நோண்டி எடுத்து எறிந்தாள், எறியும்போதெல்லாம் ஒரு வசவு. மிஷின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம் கேட்டுக் கதவு விட்டுக்கொடுத்தது. சூர்யகலா சேலைகளை வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

"வாளியில கல் உப்பைப் போடு! அலசிக்கிட்டே இரு, நிறுத்தாத! ஒண்ணுமேல ஒண்ணு போடாத, அறிவு கெட்டவளே!"

"தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

சொல்ல வேண்டாம் என்றாலும் வீரலட்சுமியே தண்ணீர் இறைத்துக் கொட்டினாள். தண்ணீர் தெளிகிறவரை அலசினார்கள். பிழிவதற்கு ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிராக முறுக்கினார்கள். ஒருத்தி மற்றவள் கழுத்தை முறுக்குவதுபோல முறுக்கினார்கள். சேலை விறைத்துக் கயிறாகி, கடைசிச் சொட்டும் விழுந்த பிறகும் யாரும் முதலில் விடவில்லை.

கண்ணாடியோரம் கிடந்த சேலை தேறவில்லை, வெள்ளை முழுவதும் போய் அழுது வடிந்தது. உள்ளே சுருண்டு கிடந்த இரண்டும் தப்பிவிட்டன. முடிச்சு பாதிக்குமேல் உதிர்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றை வெயிலில் விரித்துப் பிடித்தார்கள். அரக்குச் சிவப்பில் வளையமும், வளையத்துக்குள் வளையமும் பளிச்சென்று நின்றன.

"என் மூட்டையை நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துரு. இனிமே இந்த வீட்டுக்கு என் துணி வராது" என்றாள் வீரலட்சுமி.

"இப்பவே எடுத்துட்டுப் போ. உள்ளதான் கெடக்கு."

"மிஷின எடுக்கவும் ஆள் அனுப்புறேன்."

"அனுப்பு."

பேச்சு முடிந்தது. போக வேண்டியவள் போகவில்லை. சேலையின் முனையைக் கையிலிருந்து விடவும் இல்லை. குனிந்து அந்த உள்வளையத்தைப் பார்த்தாள். முகத்தைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஈர விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். துணியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். இத்தனை ரகளைக்குப் பிறகும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அச்சு இல்லாமத்தானடி போட்ட? எங்கயுமே கோணலையே. உள்வளையத்துக்குத் துணிய எப்படி மடிச்ச?"

சூர்யகலா சேலையை அவள் கையிலிருந்து உருவினாள். அவசரப்படாமல், நிதானமாகத்தான் உருவினாள்.

"ஏன், உன் டிசைன்தானே?" என்றாள். "உனக்குத் தெரியாதா?"

வீரலட்சுமியின் விரல்கள் காற்றில் ஒரு மடிப்பை மடித்துப் பார்த்தன. மடிப்பு பிடிபடவில்லை. சிவந்த மடியோடு அங்கேயே நின்றாள்.